பிடுங்கச் சொன்ன செடி

"மார்க்கர் இல்லாட்டி என்ன மேடம், செடி நிக்குதே. இதை மட்டும் விட்டுவைக்கலாமா?"

தொட்டித் தண்ணீரை வடித்து இரண்டு வாரம் கழித்து, பிழைத்த நெல் நாற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் கேட்டார். 14 நாள் முழுக்க மூழ்கிக் கிடந்த வரிசைகள். வெள்ளத்தைத் தாங்கவைக்கும் சப்1 மரபணு உள்ளவை வளர்ச்சியை நிறுத்தி, இருப்புச் சத்தைக் காப்பாற்றிப் பிழைத்திருந்தன. ஒப்பீட்டுக்காக நட்ட, சப்1 இல்லாதவை தண்ணீருக்கு மேலே வர நீண்டு நீண்டு, இருந்ததையெல்லாம் செலவழித்துச் சாய்ந்திருந்தன. அதில் ஒன்று மட்டும் சாயவில்லை. அடியிலைகள் அழுகித் தொங்க, நடுவில் ஒரு குருத்து சுருள் பிரியாமல் வெளிர்பச்சையாக நின்றது.

மார்க்கர், அதாவது சப்1 இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ அடையாளம், எந்தச் செடியில் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு நேரே 'இல்லை' என்றிருந்தது. "வேண்டாம்ண்ணே, பிடுங்கிடுங்க" என்றேன்.

ஒற்றைச் செடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தொட்டி ஓரத்தில் ஆழம் குறைந்திருக்கலாம். சோதனைக்கு இலை எடுத்தபோது குழாய் மாறியிருக்கலாம். நின்ற செடியையெல்லாம் கட்டிக்கொண்டிருந்தால் பேக்கிராஸ் வேலை, நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து சப்1ஐ அதில் ஏற்றுவது, எப்போது முடியும்? என் முடிவு சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் குழாய் மாறியதா என்று பார்க்க இன்னொரு இலை கிள்ளினால் போதுமே. அதை ஏன் செய்யவில்லை?

சப்1 வந்ததே எஃப்ஆர்13ஏ என்ற ஒடிசா ரகத்திலிருந்து. அது 9வது குரோமோசோமில் இருப்பது 1996இல் தெரிந்தது, மரபணு எது என்பது 2006இல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, வெள்ளத்தில் தாங்குகிறது என்று கண்ணால் பார்த்து அந்த ரகத்தை எடுத்து வைத்திருந்தார்கள். அப்புறம் இன்னொன்று. எஃப்ஆர்13ஏவின் தாங்கும் திறன் முழுவதும் சப்1இல் மட்டும் இல்லை, வேறு பகுதிகளுக்கும் பங்குண்டு. எங்கள் செடிகளும் அதன் வாரிசுகள்தான். அந்தக் குருத்துக்குள் அப்படி ஏதாவது இருந்திருந்தால்? இதெல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

ஒரு பருவம் வளரவிட்டு விதை எடுத்திருந்தால், வெறும் தற்செயல் என்றாவது தெரிந்திருக்கும்.

அண்ணன் இப்போதெல்லாம் கேட்பதில்லை. பட்டியலை வாங்கிக்கொள்கிறார். 'இல்லை' என்றிருப்பதை, நிற்கிறதா சாய்ந்ததா என்று பாராமல், தானே பிடுங்கிவிடுகிறார்.