மினிட்ஸ் புத்தகத்திலிருந்து தொடங்கினோம்: ஒரு கலைத் தொண்டு அமைப்புக்குக் கொள்கைகள் எழுதிய அனுபவம்

சமூகக் கலை அமைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாடகம், இசை, ஓவியம் என்று ஏதோ ஒன்றில் பித்துப் பிடித்த சிலர், வாடகைக்கு எடுத்த ஒரு கூடம், வாரக் கடைசி வகுப்புகள், ஆண்டுக்கு ஒன்றிரண்டு மேடை நிகழ்ச்சிகள். நிதி தருகிற அறக்கட்டளை ஏதாவது, "உங்கள் நலன் முரண்பாட்டுக் கொள்கையையும் குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கையையும் அனுப்புங்கள்" என்று கேட்கும் வரை நிர்வாகம் என்ற பேச்சே எழாது. (நலன் முரண்பாடு என்றால், முடிவெடுப்பவருக்கே அந்த முடிவால் சொந்த ஆதாயம் இருப்பது.) கேட்டபிறகு, இணையத்தில் கிடைக்கும் மாதிரியை இறக்கிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அந்த மாதிரியில் 'மனிதவளத் துறைத் தலைவர்' என்று ஒருவர் வருவார். அமைப்பிலோ சம்பளம் வாங்குகிற ஆளே ஒருவர்தான்.

நாங்கள் மாதிரிகளை ஒதுக்கிவிட்டு மினிட்ஸ் புத்தகத்தையும் (கூட்டங்களின் முடிவுகளை எழுதிவைக்கும் குறிப்பேடு) வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்தோம். கடந்த இரண்டு ஆண்டுகளின் பெரிய செலவுகளை ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள்: இதை யார் தீர்மானித்தார்கள்? எங்கே எழுதியிருக்கிறது? அந்த முடிவால் நிர்வாகக் குழுவில் யாருக்காவது ஆதாயம் உண்டா? விடை கிடைக்காத இடங்களில்தான் கொள்கை தேவைப்படுகிறது. எந்தக் கலை அமைப்பில் இதைச் செய்து பார்த்தாலும் அநேகமாக அதே ஓட்டைகள்தான் தென்படும். வாட்ஸ்அப்பில் நாலு பேர் 'ஓகே' போட்டதையே தீர்மானமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். குழு உறுப்பினரின் சொந்தக்காரருடைய அச்சகத்திலேயே எல்லா அழைப்பிதழும் அடிக்கப்பட்டிருக்கும். டிக்கெட் வசூல் வங்கிக்குப் போகாமலே செலவாகியிருக்கும்.

எழுதுவதற்கு மூன்று பேர் போதும்: பொருளாளர், வகுப்பெடுக்கும் கலைஞர் ஒருவர், கலைக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாள் ஒருவர். அந்த மூன்றாம் ஆளை விட்டுவிடாதீர்கள். "இது ஏன் இப்படி?" என்று அவர்தான் கூச்சப்படாமல் கேட்பார்.

பேனாவைத் தொடும் முன் ஒரு வரிசை மனத்தில் இருக்கட்டும். மேலே அந்தந்த நாட்டுச் சட்டம், அதற்குக் கீழே அமைப்பின் பதிவு செய்யப்பட்ட விதிகள், அதற்கும் கீழே கொள்கைகள், கடைசியில் நடைமுறைக் குறிப்புகள். கீழே உள்ளது மேலே உள்ளதை மீறினால் செல்லாது. காணொலிக் கூட்டம் நடத்தலாம் என்று கொள்கையில் எழுதிவிட்டு, பதிவு செய்த விதிகளில் 'நேரில் கூடி' என்று இருந்தால், அந்தக் கூட்டங்களின் தீர்மானங்கள் எல்லாமே கேள்விக்குள்ளாகும். விதியைத் திருத்த பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானமும் பதிவு அலுவலக ஒப்புதலும் வேண்டியிருக்கலாம், நாள் பிடிக்கும் வேலை. ஆகவே விதிகளில் திருத்த வேண்டியவற்றை முதலிலேயே திரட்டி, ஒரே தடவையில் முடிப்பது நல்லது.

குழுவின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் 2017-இல் வெளியான தொண்டு நிறுவன நிர்வாக நெறிமுறை, 5 பேருக்குக் குறையாமலும் 12 பேருக்கு மிகாமலும் குழு இருப்பது நல்ல வழக்கம் என்றது. சிறிய அமைப்புக்கு 7 பேர் சரியாக வரும். பதவிக்காலம் 3 ஆண்டு. எல்லோருடைய காலமும் ஒரே நாளில் முடியாதபடி, முதல் தடவை மட்டும் சீட்டுக் குலுக்கி மூன்றில் ஒரு பங்கினருக்கு 1 ஆண்டு, அடுத்த பங்கினருக்கு 2, மீதிப் பேருக்கு 3 என்று வைத்தால் பிறகு தானே சுழலும். தொடர்ச்சியாக மூன்று முறைக்கு மேல் இல்லை என்ற வரியை எழுதும்போது அறையில் ஓர் அமைதி வரும். எல்லோரும் நிறுவனரைப் பார்ப்பார்கள். நிறுவனருக்கு 'கலை ஆலோசகர்' போன்ற, ஓட்டுரிமை இல்லாத மரியாதையான இடம் ஒன்றை அதே வரைவில் வைத்துவிட்டால் பேச்சு சுலபமாகும்.

கலை அமைப்புகளில் மிகவும் சிக்கலானது நலன் முரண்பாடு. குழுவில் இருப்பவர்களே பாடுகிறார்கள், இயக்குகிறார்கள், வகுப்பெடுக்கிறார்கள், அதற்கு ஊதியமும் பெறுகிறார்கள். 'நலன் முரண்பாடு கூடாது' என்று ஒரே வரியில் எழுதினால் குழுவே கலைந்துவிடும். தடை விதிப்பதைவிட, வெளியே சொல்லவைத்து, எழுதிவைத்து, அந்த முடிவிலிருந்து விலக்கிவைப்பதுதான் நடக்கக்கூடிய வழி.

அதற்கு ஒரு பதிவேடு. பெயர், என்ன நலன், யார் மூலமாக (தானே, துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தொழில் கூட்டாளி), எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதியில் முடிந்தது என்று ஐந்து நெடுவரிசைகள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் புதுப்பித்துக் கையெழுத்திட வேண்டும், 'ஒன்றுமில்லை' என்றாலும் எழுதியே ஆகவேண்டும். தவிர, ஒவ்வொரு கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலின் முதல் பொருளாக "இன்றைய பொருள்களில் யாருக்காவது நலன் உண்டா?" என்ற கேள்வி. பணம் மட்டும் நலன் இல்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். தன் மகளுக்கு முதன்மை வேடம் கிடைப்பதும், தன் சீடருக்கு மேடை கிடைப்பதும் நலன்தான். பணத்தகராறைவிட, நடிகர் தேர்வில் வருகிற மனத்தாங்கல்தான் கலை அமைப்புகளை அதிகம் உடைக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

மினிட்ஸில் இது எப்படி இருக்க வேண்டும்? 'உறுப்பினர் வெளிநடப்பு செய்தார்' என்று எழுதினால் சண்டை போட்டுப் போனதாக அர்த்தமாகும். இப்படி எழுதலாம்: "பொருள் 4, கோடைப் பயிற்சிப் பட்டறை இயக்குநர் நியமனம். இந்தப் பணிக்கு விண்ணப்பித்திருப்பதாக உறுப்பினர் 'க' தெரிவித்தார். தகவல் கேட்கப்பட்டதற்குப் பதிலளித்துவிட்டு அறையிலிருந்து வெளியேறினார். விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் பங்கேற்கவில்லை. மீதமிருந்த ஐவரும் மூன்று விண்ணப்பங்களை ஒப்பிட்டு முடிவெடுத்தனர். காரணம்: …" காரணம் என்ற அந்த வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், தணிக்கையாளர் முதலில் தேடுவதோ அதைத்தான். இன்னொன்று: விலகியவரைக் கோரத்துக்கு (கூட்டத்தின் முடிவு செல்ல இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) கணக்கிடலாமா கூடாதா என்று விதிகளிலேயே சொல்லிவிட வேண்டும். ஏழு பேரில் கோரம் நான்கு. கணக்கிடக் கூடாது என்று விதி இருந்து, கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்து, அதில் இருவர் விலகினால் அந்தப் பொருளை அன்று தீர்மானிக்கவே முடியாது.

பணத்தைப் பொறுத்தவரை 'இரண்டு கையெழுத்து' என்பது பழைய காசோலைக் காலத்து விதி. இப்போது நெட்பேங்கிங்கில் ஒருவர் பதிவிட வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். இது எங்கே கெடுகிறதென்றால், இரண்டாமவர் வெளியூரில் இருப்பார், "அவசரம்" என்று கேட்டதும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் சொல்லிவிடுவார். அதன்பிறகு காகிதத்தில் இருவர், உண்மையில் ஒருவர். இதற்கு மூன்று அடைப்பு: ஒப்புதல் தர அதிகாரமுள்ளவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்கட்டும், அவர்களில் யாரேனும் இருவர் போதும். கடவுச்சொல்லைப் பகிர்வது விதிமீறல் என்று தனி வரியாகவே எழுதவேண்டும். பணம் அனுப்ப அதிகாரமே இல்லாத ஒருவர், கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி பெற்று, மாதம் ஒருமுறை வவுச்சர்களோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

நிகழ்ச்சி நாளின் ரொக்கத்துக்கு ஒரு பக்கப் படிவம் செய்தோம். விற்ற முதல் டிக்கெட் எண், கடைசி எண், இலவச அனுமதிகள், திருப்பித் தரப்பட்டவை, ஒவ்வொரு நோட்டிலும் எத்தனை, மொத்தம். கூடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த வேலை நாளில் முழுத்தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் வாசலில் காத்திருக்கிறார் என்று வசூலிலிருந்தே எடுத்துக் கொடுக்கிற பழக்கம்தான் இதில் பெரிய தடங்கல். அப்படிக் கொடுத்தால் வருமானமும் குறைவாகத் தெரியும், செலவும் குறைவாகத் தெரியும், இரண்டுமே தவறு. அன்றைய கூலிகளுக்கென்று சில்லறை ரொக்கத்தை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் வசூலைத் தொட வேண்டியிருக்காது.

கையிருப்பு நிதிக் கொள்கையில் மூன்று முதல் ஆறு மாதச் செலவு என்று எழுதுவது வழக்கம். எண்ணைவிடக் கணக்கிடும் முறையில்தான் கோளாறு நடக்கிறது. வங்கியில் 12 மாதச் செலவுக்கான தொகை இருக்கலாம். அதில் 9 மாதத்துக்கு இணையான தொகை ஒரு குறிப்பிட்ட நாடகத்துக்கென்று வந்த நன்கொடை என்றால், சுதந்திரமாகத் தொடக்கூடியது 3 மாதத்துக்கு மட்டுமே. இசைக்கருவிகள், ஒப்பனை உடைகள், விளக்குகள் எல்லாம் சொத்துதான், ஆனால் கையிருப்பு ஆகாது. லண்டனில் குழந்தைகளுக்காக இயங்கிய 'கிட்ஸ் கம்பெனி' 2015 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, கையிருப்பு போதாது என்ற தணிக்கையாளர்களின் எச்சரிக்கை பல ஆண்டுகளாகவே இருந்ததை நாடாளுமன்றக் குழு 2016-இல் சுட்டிக்காட்டியது. 2021-இல் உயர் நீதிமன்றம் அதன் அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்ய மறுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல எண்ணமுள்ளவர்கள் நடத்தினாலும் கையிருப்பில்லாத அமைப்பு ஓர் அடியைத் தாங்காது.

நன்கொடையை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஒரு கொள்கை வேண்டும், அதைப் பணம் வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். காசோலை மேசைமேல் வந்துவிட்டால் யாருக்கும் நடுநிலையாக யோசிக்க வராது. அடிமையாக்கும் வலிநிவாரணியான ஓபியாய்டு மருந்து விவகாரத்தில், அதைத் தயாரித்த நிறுவனத்தின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயர் அடிபட்டபோது, லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்கு வரவிருந்த 10 லட்சம் பவுண்டு 2019-இல் வராமல் போனது. அதே ஆண்டில் பாரிஸ் லூவ்ரும், 2021 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்கள் கூடங்களிலிருந்து அந்தப் பெயரை அகற்றின. சின்ன அமைப்புக்கு இந்த அளவுக்கு நெருக்கடி வராது என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்ப் பெரிய மனிதரின் பெயரைக் கூடத்துக்கு வைத்துவிட்டு அகற்ற முடியாமல் தவிப்பது இன்னும் கடினம்.

நாங்கள் எழுதியவை: குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரும் நன்கொடையைப் பொருளாளர் தனியாக ஏற்க முடியாது, குழுதான் ஏற்கும். கொடுப்பவரின் தொழில் நாம் சேவை செய்யும் மக்களுக்கே கேடு செய்கிறதா, கலைத் தேர்வில் தலையிடும் நிபந்தனை உண்டா, ஒரே கொடையாளர் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் தருகிறாரா என்று மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில். பெயர் சூட்டல் 10 ஆண்டுக்கு மட்டும், அமைப்பின் நற்பெயருக்குக் கேடு வந்தால் முன்பே அகற்றலாம் என்ற ஒப்பந்த வரி. மறுத்தாலும் காரணத்தை மினிட்ஸில் எழுத வேண்டும்.

குழந்தைகள் வரும் அமைப்பில் பாதுகாப்புக் கொள்கைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நடைமுறைக்கு வரவேண்டும், மற்றவை தாமதமாகலாம். அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். தனிப்பாடம் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து பார்க்கக்கூடிய கண்ணாடி வேண்டும். ஆசிரியர் குழந்தைக்கு நேராகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும். நடனத்திலும் நாடகத்திலும் தொட்டுத் திருத்துவது உண்டு என்பதால், எந்த இடத்தில், எப்படி, அனுமதி கேட்டு என்று வெளிப்படையாக எழுத வேண்டும். பல மாதிரிக் கொள்கைகளில் இது இருக்காது. உடை மாற்றும் அறைக்குள் கைபேசியே கூடாது.

ஒரு குழந்தை ஏதாவது சொன்னால், கேட்டவர் குழந்தையின் சொற்களிலேயே அன்றே எழுத வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவிக் கேட்கவும் கூடாது, விசாரணை அமைப்பின் வேலை இல்லை. 24 மணி நேரத்துக்குள் அமைப்பின் குழந்தைகள் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு, அவர் வழியாகச் சட்டம் சொல்லும் அதிகாரிகளுக்கு. உடனடி ஆபத்து என்றால் காத்திருக்காமல் நேராகக் காவல்துறைக்கு. புகார் மூத்த ஆசிரியரைப் பற்றியோ நிறுவனரைப் பற்றியோ இருந்தால் என்ன செய்வது? குருவின் மீதுள்ள மரியாதை அங்கே வாயை அடைத்துவிடும். அதற்காகவே குழுவுக்கு வெளியே இருக்கும் ஒருவருடைய பெயரும் எண்ணும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அவருக்கு ஆசிரியர்களுடன் கலைத் தொடர்போ உறவோ இருக்கக் கூடாது.

புகைப்பட அனுமதியை ஒரே கட்டத்தில் டிக் அடிக்கவைப்பது பரவலான குறை. வகுப்பில் சேர்வது, படம் எடுப்பது, உள்ளே ஆவணமாக வைப்பது, பொதுவெளியில் போடுவது நான்கும் வேறு. படத்துக்குச் சம்மதிக்காததால் குழந்தைக்கு வகுப்பு மறுக்கப்படக் கூடாது. குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. 31-வது பிரிவு கலை வாழ்வில் பங்கேற்கும் உரிமையைத் தருகிறது. பொதுவெளியில் போடும் படத்தில் முழுப்பெயர், பள்ளிப் பெயர், சீருடைச் சின்னம் எதுவும் தெரியக் கூடாது.

கலைஞர்களோடான ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். ஒத்திகை நேரத்துக்கும் பயணத்துக்கும் பணம் உண்டா, நிகழ்ச்சி ரத்தானால் எவ்வளவு (14 நாளுக்குள் ரத்தானால் பாதி என்று வைத்தோம்), பில் வந்து 30 நாளுக்குள் பணம். பங்கேற்பாளர்கள் சேர்ந்து உருவாக்கிய நாடகமோ சுவரோவியமோ யாருக்குச் சொந்தம் என்பதை முதல் நாளே எழுதிவிட வேண்டும். படைப்பு வெற்றி பெற்றபிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நட்புகள் முறியும்.

வரைவு முடிந்ததும் ஒத்திகை பார்த்தோம். ஏற்கெனவே நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து, புதிய கொள்கையின்படி ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்ப்பது. அப்போதுதான் தெரிய வரும்: புகாருக்கு 5 வேலை நாளில் பதில் தர வேண்டியவர் யார் என்றே எழுதவில்லை, இரண்டு பெரியவர்கள் விதிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லை, மூன்று விலைப்புள்ளி வாங்கச் சொன்ன வரம்பு மிகக் குறைவாக இருந்து பெயின்ட் வாங்கவே கூட்டம் போட வேண்டியிருக்கிறது. பொறுப்பாளர், காலக்கெடு, பதிவு மூன்றும் இல்லாத வாக்கியங்களை அடித்துவிட்டோம். பிரிட்டனில் நோலன் குழு 1995-இல் வகுத்த, நேர்மை, ஒளிவுமறைவின்மை போன்ற பொதுவாழ்வின் ஏழு கோட்பாடுகளைப் பலரும் முதல் பக்கத்தில் அச்சிடுகிறார்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் 'ஒளிவுமறைவின்மை' என்று அச்சிட்ட அமைப்பின் கணக்கறிக்கையை உறுப்பினர் ஒருவர் கேட்டால் எத்தனை நாளில் கொடுப்பார்கள் என்று உள்ளே தேடினால் இருக்காது.

நிறைவேற்றிய ஒவ்வொரு கொள்கையின் அடியிலும் பதிப்பு எண், தீர்மானத் தேதி, மறுபரிசீலனைத் தேதி. எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் மறுபரிசீலனை செய்ய முயன்றால் யாரும் படிக்காமல் கைதூக்குவார்கள், அதனால் ஒரு கூட்டத்துக்கு ஒரு கொள்கை. பாதுகாப்புக் கொள்கை மட்டும் ஆண்டுதோறும், மற்றவை இரண்டாண்டுக்கு ஒருமுறை. புதிய உறுப்பினர் முதல் கூட்டத்துக்கு வருமுன் நலன் பதிவேட்டை நிரப்ப வேண்டும். விலகுகிறவர் வங்கி அனுமதி, மின்னஞ்சல், முகநூல் பக்க நிர்வாகம், கூடத்தின் சாவி நான்கையும் ஒப்படைத்ததாகக் கையெழுத்திட வேண்டும். முகநூல் பக்கத்தில் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் எப்போதும் இருக்கட்டும்.