அர்ஜுன் டேங்க்: எடையும் எஞ்சினும்

எங்கள் நகரியில் ஆவடி டேங்க் பேக்டரியைத் தெரியாதவர் குறைவு. ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, அங்கே வேலைக்குப் போய்வந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே உருவாகும் இந்தியாவின் சொந்த டேங்கான அர்ஜுனைப் பற்றிய பேச்சு, '1974-இல் ஒப்புதல் பெற்றது 2004-இல்தானே படைக்கு வந்தது' என்ற குறையோடு நின்றுவிடுகிறது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் முதன்மையானது எடை என்பது என் கருத்து.

சுடுதிறன், கவசம், வேகம் மூன்றும் ஒரே எடைக் கணக்கில் பங்கு கேட்பவை. முதலில் 105 மி.மீ. பீரங்கியோடு இலகுவாக நினைத்த அர்ஜுன், இராணுவத்தின் தேவைகள் மாற மாற, 120 மி.மீ. பீரங்கிக்கும் ஹைதராபாத்தில் உருவான காஞ்சன் கவசத்துக்கும் வந்து சேர்ந்தது. ரஷ்யாவின் டி-90 டேங்கில் குண்டை இயந்திரமே நிரப்புவதால் மூவர் போதும், எடையும் ஏறத்தாழ 46 டன்தான். அர்ஜுனிலோ குண்டு நிரப்ப நான்காவது ஆள் உண்டு, அவருக்கு இடம் வேண்டும், அந்த இடத்தைச் சுற்றிக் கவசமும் வேண்டும் என்பதால் எடை 58.5 டன்னைத் தொட்டது.

இந்தப் பளுவைத் தாங்கும் விதத்தில்தான் ஆவடிப் பொறியாளர்களின் கைத்திறன் தெரிகிறது. சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் ஹைட்ரோகேஸ் சஸ்பென்ஷனில், சக்கரம் மேடேறும்போது எண்ணெய் தள்ளப்பட்டு, அடைத்துவைத்த நைட்ரஜன் வாயுவை அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏற வாயு விறைத்துக்கொள்வதால், சிறு மேடுகள் மெத்தென்று கடந்துபோகின்றன, பெரும் பள்ளத்திலும் வண்டி தரையில் மோதுவதில்லை. ஓடிக்கொண்டே சுடும்போது குறி தவறாமல் இருக்க இந்த அமைப்பு பெருந்துணை.

எஞ்சின் கதை வேறு. உள்நாட்டு எஞ்சின் கைகூடாததால், ஜெர்மனியின் எம்.டி.யூ. நிறுவனம் தரும் 1,400 குதிரைத்திறன் எஞ்சினே பொருத்தப்பட்டது. 2021-இல் 7,523 கோடி ரூபாய்க்கு 118 வண்டிகள் கேட்கப்பட்ட, அர்ஜுனின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ 68 டன்னுக்கு ஏறியபோதும் எஞ்சினின் திறன் ஏறவில்லை. டன்னுக்கு ஏறத்தாழ 24 ஆக இருந்த குதிரைத்திறன் 21-க்கும் கீழே இறங்கிவிட்டது. 2024 மார்ச்சில் மைசூரில் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்ட 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சின் வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த 1,500-ஐ 68-ஆல் வகுத்தாலும் 22தான் வருகிறது, முதல் அர்ஜுனின் கணக்கை அதுவும் எட்டவில்லை.