தோள்பையில் கிடப்பவை: ஒரு கோடைக்கால நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. 28-ம் தேதி வரை இப்படித்தான் கொளுத்தும். வெளியே தலைகாட்ட மனமில்லாமல் தோள்பையைக் கவிழ்த்துத் துப்புரவு செய்தேன். விழுந்தவை: மடித்த மஞ்சப்பை, சுருக்குப்பை, பனையோலை விசிறி, குற்றாலத் துண்டு, குடை, குட்டி நோட்டு, கட்டைப் பென்சில், தாளில் பொதிந்த சுக்கு, பவர் பேங்க், உருகிப்போன ஆரஞ்சு மிட்டாய்.

சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் தங்கச்சி மகள் எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா, இது ஹேண்ட்பேக்கா, மியூசியமா?"

"வேலை செய்யாத சாமான் ஒண்ணு காட்டு, தூக்கிப் போட்டிருதேன்" என்றேன். கொஞ்ச நேரம் கிளறிவிட்டு மிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் பக்கத்து ஊர்களுக்குப் போய் மகளிர் குழுக்களின் கணக்குகளைச் சரிபார்ப்பது என் வேலை. பஸ், அப்புறம் நடை. பையில் கிடக்கும் ஒவ்வொன்றின் எடையும் சாயங்காலம் தோளில் தெரியும். பழசு என்ற பாசத்துக்காக எதையும் சுமக்கிற நிலையில் நான் இல்லை.

மே 8, வியாழன்

ஊக்கைப் பற்றி எழுத வேண்டும். அது பையில் இருப்பதில்லை, தாலிச் சங்கிலியில் தொங்குகிறது. இந்தப் பக்கத்துப் பெண்களிடம் கேட்டால் பாதிப் பேருக்கு அதுதான் இடம், மீதிப் பேருக்கு வளையல்.

தென்திருப்பேரையில் ஏறிய ஒரு பிள்ளைக்குப் படியிலேயே செருப்பு வார் பிடுங்கிக்கொண்டது. ரப்பர் செருப்பில் வாரின் அடிக்குமிழ் ஓட்டை வழியாக மேலே வந்துவிடும். திரும்பக் குத்தி இறக்கினாலும் நாலடி நடந்தால் மறுபடி வரும். குமிழைக் கீழே இழுத்து, அதற்கும் செருப்பின் அடிப்பாகத்துக்கும் நடுவே வார்த்தண்டில் ஒரு ஊக்கைக் குறுக்காகக் குத்திப் பூட்டிவிட்டால் மேலே ஏறாது. செய்துகொடுத்தேன். "இது எங்க அம்மாவும் செய்வாங்கக்கா" என்றது. எல்லார் அம்மாவும் செய்வார்கள்.

சேலை மடிப்பு, ரவிக்கைக் கொக்கி, பாவாடை நாடா கோர்ப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலில் முள் குத்தினால் முனையைத் தீயில் காட்டிவிட்டு எடுக்கலாம். போன மாதம் மொபைல் கடைப் பையன் சிம் தட்டைத் திறக்கிற கம்பியைத் தேடித் தேடிச் சலித்துப்போய், "யக்கா, ஊக்கு இருக்கா?" என்று என்னிடம்தான் கேட்டான். அரை லட்சம் ரூபாய் போன். அதன் கதவு எட்டணாச் சாமானுக்குத் திறந்தது.

இதற்குக் காப்புரிமை வாங்கியவர் வால்டர் ஹண்ட் என்ற நியூயார்க்காரர், 1849-ல். 15 டாலர் கடனை அடைக்க வழி தேடி ஒரு கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது என்பார்கள். உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அவர் வேலையில் இரண்டு சூட்சுமம். ஒரு முனையில் கம்பியைச் சுருட்டிவிட்டதால் அதுவே வில்லாகித் தள்ளுகிறது. மறுமுனையில் கூர்நுனியை மூடும் தொப்பி. இந்த இரண்டுக்கு மேல் இத்தனை வருஷத்தில் யாரும் எதையும் சேர்க்கத் தேவைப்படவில்லை. வாங்குவதானால் எவர்சில்வர் பார்த்து வாங்க வேண்டும். மட்டமான கம்பி ஒரு மழையில் துருப்பிடித்துத் துணியில் கறை விடும், அந்தக் கறை போகவே போகாது.

மே 13, செவ்வாய்

உடன்குடிப் பக்கம் போனேன். காலை வெயில் ஏறுவதற்குள் பதநீர் கிடைத்தது. இதற்காகவே இந்த மாதத்தில் அந்தப் பக்கத்துக் கணக்குகளை முதலில் வைத்துக்கொள்கிறேன். மேலதிகாரிக்கு இது தெரிய வேண்டியதில்லை.

பனையேறி அண்ணாச்சி கலயத்தைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. அது இல்லாவிட்டால் பாளையிலிருந்து சொட்டச் சொட்டவே சாறு புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரம் புளிப்பைத் தடுத்து நிறுத்துகிறது. சுண்ணாம்பு கூடினால் நாக்கு வழுக்கும், குறைந்தால் வாடை வரும். அளவு அவர் கையில்தான் இருக்கிறது. காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவிவிட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஊறல் நின்றுபோகும். ஏறுவதற்கு அவர் பிள்ளைகள் யாரும் தயாராக இல்லை. பனை மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஏற ஆள் எங்கே என்பது பாடத்தில் இல்லை.

குடிக்கத் தந்தது பட்டையில். இளம் ஓலையை விரித்து மடக்கி, இரு நுனியையும் சேர்த்து முடிந்தால் அகன்ற தொன்னை. அதில் இரண்டு நுங்கைத் தோண்டிப் போட்டு மேலே பதநீரை ஊற்றினார். இரண்டு கையாலும் ஏந்தி ஓரத்தில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் சேலையெல்லாம் ஒழுகும். பச்சை ஓலை மணம் சேர்ந்த பதநீருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் டவுனுக்கு வந்து விற்கிற பதநீருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. குடித்து முடித்த பட்டையை வேலி ஓரம் எறிந்தால் ஆடு தின்கிறது.

மிச்சம் எல்லாம் அடுப்புக்குப் போய்க் கருப்பட்டியாகிவிடும். ஒரு சில்லு வாங்கிச் சுக்கோடு சேர்த்து முடிந்துகொண்டேன். மதியம் கண்ணைக் கட்டும்போது ஒரு கடி கருப்பட்டி, துளி சுக்கு. டீயை விட எனக்கு இது பிடித்திருக்கிறது.

மே 16, வெள்ளி

தேரிக்காட்டு ஓரம் ஒரு கடையில் கருப்பட்டிக் காபியும் முறுக்கும். போனில் பணம் அனுப்பப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சரி என்று இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தேன். இருந்ததெல்லாம் பத்து ரூபாய் நாணயம்.

"இது இங்க ஓடாதுக்கா."

"14 டிசைன்ல வந்திருக்கு, எல்லாமே செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018-லயே சொல்லிட்டு, அண்ணாச்சி."

"ரிசர்வ் பேங்க்காரன் எனக்கு மாவு தருவானா? மாவு மில்லுல வாங்க மாட்டேங்கான். நீங்க அடுத்து வரும்போது தாங்க." நோட்டை எடுத்துக் 'கணக்குக்கா' என்று என் பெயரில் எழுதிக்கொண்டார். புதுப் பணமும் பழைய பணமும் கையில் இருக்க, கடன் சொல்லிக் குடித்த காபி. நன்றாகத்தான் இருந்தது.

சுருக்குப்பைக்கு முன்னைப் போல வேலையில்லை என்பதும் உண்மை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளியூர் பஸ்ஸுக்குத்தான் இப்போது சில்லறை பொறுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அதை விடமாட்டேன். இரண்டு கயிற்றையும் எதிரெதிரே இழுத்தால் வாய் மூடும், இடுப்பில் சொருகினால் நாம் அறியாமல் ஒருவராலும் எடுக்க முடியாது. சேலைக்குப் பாக்கெட் இல்லை. சுடிதாருக்கு வைக்கச் சொன்னால் டெய்லர் ஏதோ வீட்டுப் பத்திரம் கேட்டதுபோல முறைக்கிறார்.

மே 20, செவ்வாய்

இரவு ஒரு மணிக்குக் கரண்ட் போனது. தங்கச்சி மகளிடம் சார்ஜ் போடுகிற குட்டி மின்விசிறி இருக்கிறது. அது அவள் மூக்குக்கு மட்டும் வீசியது. மணப்பாட்டில் வாங்கிய ஓலை விசிறியில் தண்ணீர் தெளித்து வீசினேன். அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவதால் காற்று குளுகுளுவென்று வரும். ஒரு வீச்சில் இரண்டு பேருக்குப் போதும். கை வலிக்கும், அதை மறைப்பதற்கில்லை.

மே 27, செவ்வாய்

அக்னி முடிய நாளை ஒரு நாள் பாக்கி, அதற்குள் இங்கே சாரல் காற்று. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை 24-ம் தேதியே தொடங்கிவிட்டதாம். வழக்கமாக ஜூன் 1. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குக் காலண்டர் தெரியாது. பஸ் ஸ்டாண்டு முக்கில் என் மூன்று மடிப்புக் குடை வெளிப்பக்கமாகத் திரும்பி இரண்டு கம்பி ஒடிந்தது.

மார்க்கெட் ஓரம் குடை ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். செத்த குடைகளின் கம்பிகளை உருவிக் கட்டு கட்டாக வைத்திருக்கிறார், எல்லா மாற்று உறுப்பும் அங்கிருந்துதான். "மடிப்புக் குடைல மூட்டு ஜாஸ்திக்கா. மூட்டு இருக்க இடத்துலதான் ஒடியும். அந்தக் கம்பை வச்சிருக்காரு பாருங்க..." என்று கை காட்டினார். தெருவில் ஒரு பெரியவர், வளைந்த கைப்பிடியைச் சட்டைக் காலரில் பின்னால் மாட்டித் தொங்கவிட்டு இரண்டு கையிலும் காய்கறியோடு போய்க்கொண்டிருந்தார். அந்தக் குடைக்கு என் வயது இருக்கும்.

இருந்தும் நான் மாறவில்லை. நீளக் குடை ஒடிவதில்லை, பஸ்ஸில் தொலைந்துபோகும். மடிப்புக் குடை ஒடிந்தாலும் பைக்குள் கிடக்கும். இந்த வழக்கில் பழசுக்குத் தோல்விதான்.

ஜூன் 3, செவ்வாய்

ஆத்தூரில் வேலை. தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற கொடிக்கால்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிள்ளி வாயில் போட்டால் காரம் கொஞ்சம் தாமதித்துத்தான் ஏறுகிறது.

எங்கள் ஆச்சி வெற்றிலைப் பெட்டி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா. பாக்குவெட்டி ஒன்றே பல வேலை பார்க்கும்: நூல் அறுக்கும், மாங்காய்க் காம்பு நறுக்கும், பிள்ளைகள் சண்டை போட்டால் ஓங்கிக் காட்டவும் உதவும். குளவி கொட்டினால் சுண்ணாம்பு. யாரிடமாவது வருத்தம் என்றால் பேச்சைத் தொடங்க, பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்துவாள். வார்த்தை பிறகுதான் வரும்.

அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது, ஆனால் வெளியே எடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் கொட்டைப்பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது. புகையிலை போடாதவரை கெடுதல் இல்லை என்று குழுக்களில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாக்கே குற்றவாளி. பாரம்பரியம் என்ற பெயரில் இதற்கு நான் வக்காலத்து வாங்க முடியாது. கல்யாண வீட்டில் ஒரு கொழுந்து வெற்றிலையை மட்டும் மென்றுகொள்வேன், அவ்வளவுதான்.

ஜூன் 19, வியாழன்

மஞ்சப்பையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. கடைகளில் பிளாஸ்டிக் பை இன்னும் வருகிறது. நம் வீட்டில் கல்யாணத் தாம்பூலப் பைகளே ஒரு பரண் நிறையக் கிடக்கின்றன. பெண் மாப்பிள்ளை பெயர் போட்ட பையில் கத்திரிக்காய் வாங்கி வருவதில் ஒரு சிரிப்பு உண்டு.

பவர் பேங்க் பையில் தங்கிவிட்டது. கனம்தான், ஆனால் குழுக் கணக்கே இப்போது செயலியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. வேலை செய்கிறது, இருக்கட்டும்.

ஜூலை 5, சனி

திங்கட்கிழமை திருச்செந்தூர்க் கோயில் குடமுழுக்கு. இப்போதே பஸ் ஸ்டாண்டு தாங்கவில்லை. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறக்கின்றன. கைபேசியை எறிந்து யாராலும் சீட் பிடிக்க முடியாது.

துண்டில் மெல்லிசான குற்றாலத் துண்டுதான் வழிக்குத் தோது. நெசவு நெருக்கமில்லாததால் பிழிந்து பஸ் கம்பியில் போட்டால் ஊர் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். டர்க்கி டவல் அடுத்த நாளும் நாறிக்கொண்டிருக்கும். தலைக்குப் போட்டால் வெயில் தணியும், சுருட்டினால் சும்மாடு, விரித்தால் பாய், பிள்ளை தூங்கினால் போர்வை.

ஆனால் இந்தத் துண்டைத் தோளில் போடுவது ஒரு காலத்தில் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. பெரிய சாதிக்காரர் எதிரே வந்தால் எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பில் கட்ட வேண்டும். நாகசுரம் வாசிக்கிறவர்களைக்கூட வேர்வை வழிய வழிய அப்படித்தான் வாசிக்க வைத்தார்கள். சுயமரியாதை இயக்கத்தார் இதை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். துண்டுதானே என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். குழுவில் ஒரு அக்கா, தன் தாத்தா சாகும்வரை துண்டை இடது தோளில் போட்டு ஒரு கையால் பிடித்தபடிதான் நடந்தார் என்றாள். யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்ற பழக்கம்.

பஸ்ஸில் ஏறினால், என் பக்கத்து இருக்கையில் கிடந்த துண்டின் மேல் ஒரு ஆச்சி சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறாள். துண்டுக்காரப் பையன் நெரிசலில் நீந்தி வந்து சேர்ந்தான்.

"ஆச்சி, அது என் சீட்டு. துண்டு போட்டிருக்கேன்லா."

"துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா?"

"இனிமேத்தான் எடுக்கணும்."

"எடு. அதுவரைக்கும் நான் இருக்கேன்."

செய்துங்கநல்லூர் வரை இந்தப் பஞ்சாயத்து ஓடியது. கண்டக்டர் இரண்டு பக்கமும் சேராமல் ஆச்சியிடம் மட்டும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு நகர்ந்தார். கடைசியில் பையன், "துண்டையாவது குடுங்க ஆச்சி, வேர்க்குது" என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.