செல்லுக்குள் ஓயாத சரக்குப் போக்குவரத்து

செல் உயிரியலில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி சவ்வுப் போக்குவரத்துதான். செல்லுக்குள் சவ்வுகளால் பின்னப்பட்ட எண்டோபிளாச வலையில் உருவாகும் புரதம், சவ்வாலான ஒரு நுண்பையில் ஏறிக் கோல்கை உறுப்பை அடைந்து, அங்கே தன்மீது ஒட்டியுள்ள சர்க்கரைத் தொடர்கள் திருத்தப்பட்ட பின், தனக்குரிய இடத்திற்கு அனுப்பப்படுகிறது. நுண்பையின் சவ்விலும் இலக்குச் சவ்விலும் உள்ள ஸ்நேர் புரதங்கள் கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, இரு சவ்வுகளையும் நெருக்கி இழுத்து இணைத்துவிடுகின்றன. இந்தப் போக்குவரத்தின் ஒழுங்கைக் கண்டறிந்த ஜேம்ஸ் ராத்மேன், ராண்டி ஷெக்மேன், தாமஸ் சுதோஃப் ஆகியோருக்கு 2013ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இரணஜன்னி (டெட்டனஸ்) நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் நச்சு இந்த ஸ்நேர் புரதங்களில் ஒன்றைத்தான் வெட்டுகிறது. தசையைத் தளர்த்தச் சொல்லும் நரம்புச் செல்கள் தம் நுண்பைகளை வெளியேற்ற முடியாமல் போவதால், தாடை இறுகி, உடல் வில்லாக வளைகிறது. (ஒரேயொரு புரதம் அறுபட்டதன் விளைவு இது என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் பதறுகிறது.)

நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் மரபு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் கதை இன்னும் வருத்தமானது. நோயாளிகளில் பெரும்பாலோரிடம், குளோரைடு அயனிகளைக் கடத்தும் புரதத்தில் 508ஆவது அமினோ அமிலம் விடுபட்டிருக்கிறது. செல்லின் மேற்பரப்பை அடைந்தால் ஓரளவேனும் வேலை செய்யக்கூடிய அந்தப் புரதம், சரியாக மடியவில்லை என்பதற்காக எண்டோபிளாச வலையிலேயே தடுக்கப்பட்டு அழிக்கப்படுகிறது. அதைச் சரியாக மடியச் செய்து மேற்பரப்புக்கு அனுப்பும் மருந்துகள் இப்போது வந்துவிட்டன என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.