லுவோபானைக் கையில் பிடித்த நாள்

வீடும் நிலமும் எப்படி அமைய வேண்டும் என்று பார்க்கும் சீனக் கலையான ஃபெங் சுயி என்றாலே சிரிக்கும் புத்தர் பொம்மைதான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

போன வாரம் சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு சீனப் பெரியவர் தன்னுடைய லுவோபானை, அதாவது ஃபெங் சுயி திசைகாட்டியை, என் கையில் வைத்தார். சதுரப் பலகை, அதில் சுழலும் வட்டத் தட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சிவப்பு நூல். நடுவில் காந்த ஊசி ஆடும் குழிக்கு ‘வானக் குளம்’ என்று பெயர். என்ன அழகான பெயர்! சுற்றிலும் 24 ‘மலைகள்’, அதாவது திசைப் பிரிவுகள், ஒவ்வொன்றும் 15 பாகை. ஃபெங் சுயியில் சான்ஹே என்றொரு பிரிவினரின் தட்டில் இந்த 24-ம் மூன்று வளையமாக வரும். முதல் வளையத்திலிருந்து மற்ற இரண்டும் 7.5 பாகை தள்ளி நிற்கும், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அந்த இரண்டில் நிஜ மலையை அளக்க ஒன்று, நீரை அளக்க ஒன்று.

‘பறக்கும் நட்சத்திரம்’ என்ற இன்னொரு ஃபெங் சுயி முறையில் காலமும் கணக்கில் சேரும். 20 ஆண்டுக்கு ஒரு சுற்று; ஒன்பதாவது 2024-ல் தொடங்கியது.

இவை எல்லாம் திசைகாட்டியை வைத்துக் கணிக்கும் ‘திசைகாட்டிப் பள்ளி’ என்ற சிந்தனை மரபு. பெரியவர் மதிப்பது, தாங் அரச மரபு காலத்து யாங் யுன்சோங்கை முன்னோடியாகக் கொண்ட, நிலத்தின் அமைப்பைப் பார்க்கும் ‘வடிவப் பள்ளி’யை.

“முதலில் மலையின் முதுகையும் ஆற்றின் வளைவையும் பாரம்மா. ஊசியை அப்புறம் எடுக்கலாம்” என்றார்.