எள்ளுத்தாத்தாவைத் தேடி மொரீஷியஸுக்கு

எங்கள் எள்ளுத்தாத்தா 1860களில் கைக்குழந்தையையும் மனைவியையும் ஊரில் விட்டுவிட்டு மொரீஷியஸுக்குக் கப்பலேறியவர். திரும்பவே இல்லை. "மறந்துவிட்டான்" என்ற ஒரு சொல்லோடு குடும்பம் அவர் கதையை முடித்துவிட்டது. அந்தச் சொல் எனக்கு ஒருநாளும் ஏற்கவில்லை.

மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸின் துறைமுகத்தை ஒட்டியிருக்கிறது, கூலிகளாக வந்தவர்கள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட். 1834இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் இந்தத் தீவுக்கு வந்த இந்தியர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். குடியேற்றக் கூடத்தின் 16 கற்படிகள் இன்னும் இருக்கின்றன. நிதானமாக ஏறினேன்.

ஆவணங்கள் இருப்பது மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தில். அங்கேயே பிறந்து வளர்ந்த உறவுக்கார அத்தை ஒருவர் தம் வீட்டின் பிறப்பு, திருமணச் சான்றுகளைச் சுமந்துகொண்டு உடன் வந்தார். அவற்றைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால்தான் குடியேறியவரின் எண் கிடைக்கும். எண் கிடைத்தால் பதிவேடு திறக்கும். பெயரை மட்டும் நம்பித் தேட முடியாது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார்.

கிடைத்தது ஒற்றை வரி. தந்தை பெயர், வயது, உயரம், மாவட்டம், ஊர், கப்பல், சேர்ந்த கரும்புத் தோட்டம். அப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் பொருந்தின. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அவர் ஏன் திரும்பவில்லை என்பதற்கு அந்த வரியில் விடை இல்லை. அந்தக் காலத்துச் சட்டங்களில் இருக்கிறது. ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் என்ற உரிமையை 1850களின் தொடக்கத்திலேயே பறித்துவிட்டார்கள். மாதக் கூலி ஐந்து ரூபாய் அளவில்தான். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்தவர்களும் புகைப்படம் ஒட்டிய அடையாளச் சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். இப்படிக் கட்டிப்போட்ட மனிதரை மறந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் அங்கே மறுமணம் செய்துகொண்டதும் உண்மை. அத்தை அந்த வழியில் வந்தவர். ஊரில் தாலியோடு காத்திருந்த எள்ளுப்பாட்டியை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அதை எந்தச் சட்டத்தைக் காட்டியும் என்னால் ஆற்ற முடியாது.

1880களிலிருந்து பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இந்தியர்கள் பலர் நிலம் வாங்கினார்கள். அவரும் வாங்கினாரா என்று அத்தை இப்போது பழைய கிரயப் பத்திரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் எள்ளுப்பாட்டியின் பிறந்த ஊரில் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.