விபூதி மடித்த தாளும் கிடைக்காத ரிப்போர்ட்டும்: என் அரையாண்டுக் கணக்கு

ஜனவரியில் எடுத்த சபதம் மூன்று. எடை 83 கிலோவிலிருந்து 77-க்கு இறங்க வேண்டும். வாரம் ஐந்து நாள் ஊரணியைச் சுற்றி நடக்க வேண்டும். அடுப்பில் ஏறுவதில் முக்கால்வாசி நம்ம பக்கத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். ஜூலை முதல் வாரம் உட்கார்ந்து அரையாண்டுக் கணக்குப் பார்ப்பது என்றும் அப்போதே முடிவு. ஒரு மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். ஒன்பது நாள் இழுத்தது. கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு மூன்று நடை வேறு.

முதல் அடி வீட்டுக்குள்ளேயே. வாராவாரம் எடையையும் நடந்த நாட்களையும் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்து, ஆணிக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் மாட்டி வந்தேன். எடுத்துப் பார்த்தால் ஏழே தாள்.

"அப்பத்தா, இதுல இருந்த தாளெல்லாம் எங்க?"

"கிழிச்ச தாளுதானப்பா. திருவிழாவுக்கு வந்த புள்ளைகளுக்குத் துன்னூறு மடிச்சுக் குடுத்தேன்."

என் பிப்ரவரி, மார்ச் எடையெல்லாம் இப்போது சென்னையிலும் கோயம்புத்தூரிலும் யார் யார் பர்ஸிலோ பத்திரமாக இருக்கிறது. சரி, ஃபோனில் நடைக் கணக்கு இருக்குமே என்று பார்த்தால், ஏப்ரலில் ஃபோன் மாற்றியபோது கல்யாண ஃபோட்டோவெல்லாம் வந்திருக்கிறது, அது மட்டும் வரவில்லை. ஃபோன் மாற்றப் போகிறவர்கள் பழையதை விற்பதற்கு முன் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூன்று மாதச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி. காரைக்குடியில் ஜனவரியில் எடுத்த அதே லேபுக்கு வெறும் வயிற்றோடு ஏழு மணிக்குப் போனேன். ஒன்பது மணிக்கு என் டோக்கன் வந்தது. "இதுக்கு வெறும் வயிறு தேவையே இல்லையே சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். வாசலிலேயே ஒரு போர்டு எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? இந்தச் சோதனை கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. காலையில் இட்லி சாப்பிட்டதால் மாறாது. பட்டினி கிடக்க வேண்டியது ஃபாஸ்டிங் சுகருக்குத்தான். ரத்தம் கொடுத்துவிட்டுக் கிறுகிறுப்போடு வெளியே வந்து நேராக மெதுவடையில் விழுந்தேன். அன்றைய கணக்கில் அதையும் எழுதினேன்.

ரிப்போர்ட் வாங்கப் போனது இரண்டாவது நடை. ஜனவரி ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டேன். "பில் இருக்கா?" இல்லை. ஃபோன் நம்பர் சொன்னேன். "வரலையே." இதைச் சொல்லும்போது அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை. மூன்றாவது நடையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது. பெயரை நாலு விதமாகத் தட்டிப் பார்த்து, "இனிஷியல பின்னால போட்டிருக்காங்க சார்" என்று இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டது. ஜனவரியில் 6.2, இப்போது 5.9. 5.7-க்குக் கீழே வந்தால்தான் நார்மல், 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நடுவில்தான் நிற்கிறேன், ஆனால் சரியான பக்கம் பார்த்து நிற்கிறேன்.

எடையில் வேறு கூத்து. மெஷின் ஒரு நாள் 79.8 காட்டியது. குதித்தேன். மறுநாள் 82.1. மனைவிதான் கண்டுபிடித்தாள்: முதல் நாள் மெஷின் கோரைப்பாய் மேல் இருந்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த வெறும் தரையில் வைத்து மூன்று முறை ஏறினேன், மூன்று முறையும் 82-ஐ ஒட்டித்தான். ஆறு மாதத்தில் ஒரு கிலோ! தையல்காரர் டேப்தான் கொஞ்சம் ஆறுதல் சொன்னது. இடுப்பு 101 செ.மீ. இருந்தது 97 ஆகியிருக்கிறது. நம்மூர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பேன்ட் போடும் இடத்தில் அளக்காதீர்கள்; கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நான் முதலில் வயிற்றை எக்கிக்கொண்டு அளந்து 93 என்று சந்தோஷப்பட்டவன்.

நடை, கத்திரி வெயில் வரை ஒழுங்கு. அப்புறம் வைகாசிக் கல்யாணங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

எடை ஏன் இறங்கவில்லை என்பதற்கு மளிகை நோட்டில் பதில் இருந்தது. உள்ளூர்ச் சாப்பாடு என்ற சபதத்தில் நான் அமோகமாகப் பாஸ். மரச்செக்கு நல்லெண்ணெய், குண்டு மிளகாய், சந்தைக் கீரை, வீட்டு முருங்கை. கூடவே வாரம் இரண்டு நாள் கவுனி அரிசி, அதாவது எங்கள் பக்கத்துக் கறுப்பு அரிசி இனிப்பு. ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவைத்து, அரிசியில் முக்கால் பங்கு சீனி, ஒரு மூடித் தேங்காய், கை நிறைய நெய். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பணியாரம். எண்ணெயில் மிதந்துதான் அது உப்பும். கறுப்பு அரிசி உடம்புக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நான் தின்றது சீனியை.

உள்ளூர் என்ற சட்டத்திலும் ஓட்டை. கவுனி அரிசியே பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் கொண்டுவந்தது என்பார்கள். நாங்கள் பெருமையடிக்கும் மசாலாவில் கல்பாசி மலையிலிருந்து வர வேண்டும், அன்னாசிப்பூ கடல் தாண்டி வர வேண்டும். சட்டத்தைக் கறாராகப் பிடித்தால் செட்டிநாட்டுக் குழம்பே வைக்க முடியாது. அதனால் திருத்திவிட்டேன்: அரிசி, எண்ணெய், காய்கறி உள்ளூர், மசாலாவுக்கு விலக்கு. கவுனி அரிசி மாதம் ஒரு நாள், இல்லாவிட்டால் சீனி போடாமல் கஞ்சி. அப்பத்தா அந்தக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஒரு சந்தோஷம் மட்டும் எந்த மெஷினையும் நம்பாமல் கிடைத்தது. ஜனவரியில் குன்றக்குடி மலைப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். போன வாரம் எங்கும் உட்காராமல் ஏறினேன். மேலே போய் உட்கார்ந்தேன், அது வேறு.

அடுத்த ரத்தப் பரிசோதனை அக்டோபரில். பில்லை ஃபோட்டோ எடுத்து மனைவிக்கும் அனுப்பிவிட்டேன், இனிஷியல் பின்னால் என்ற குறிப்போடு. எடைக்கணக்கு இப்போது கட்டுப்போட்ட நோட்டில் ஏறுகிறது. தாள் தடிமன், விபூதி மடிக்க வராது.